யாரும் ஊற்றாத தண்ணீர்

சர்க்கரை மாத்திரையும் முட்டித் தைலமுமாகக் காலம் தள்ளுகிற என் வயசுக்காரர்களே, உங்கள் வீட்டுக்கும் அந்தத் துப்பாக்கி வந்துவிட்டதா? சார்ஜ் போட்டு வைத்தால் தானாகவே தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு, விசையைத் தொட்டதும் சர்சர்ரென்று பீச்சுகிறதே, அதைத்தான் கேட்கிறேன். போன கோடை விடுமுறையில் மகள் வீட்டுப் பிள்ளைகள் ஆளுக்கொன்று தூக்கிக்கொண்டு வந்தார்கள். வீட்டின் பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் ஒரே ரகளை. மகள் பின்னாலேயே நின்று சட்டம் சொல்லிக்கொண்டிருந்தாள். மூஞ்சிக்கு நேராக அடிக்கக்கூடாது, நல்ல தண்ணீரைத்தான் நிரப்ப வேண்டும், ஈரக் கையோடு சார்ஜரைத் தொடக்கூடாது, விளையாட்டில் சேராத ஆள் மேல் அடிக்கக்கூடாது. கடைசிச் சட்டம் எனக்காகவாம். நான் நாற்காலியில் காய்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

எனக்குச் சுருக்கென்றது. இவர்கள் பிறப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்பே கரண்ட்டுத் தண்ணீரில் சண்டை போட்டவள் நான். அதைச் சொன்னால் "சரி பாட்டி" என்பார்கள். பிள்ளைகளிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்காவது அந்த வருஷங்கள் ஞாபகம் இருக்கும்.

இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கத்து ஜனங்கள் ரோட்டில் இறங்கிய சமயம். எனக்குப் பதினோரு வயசு. அப்பா கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகிற பஸ்ஸில் கண்டக்டர். அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். என்னையும் அழைத்துக்கொண்டு போயிருக்கலாம். படிப்பு கெட்டுவிடும் என்று அப்பா விடவில்லை. படிப்பு என்றால் அப்பாவுக்கு அப்படி ஒரு வெறி. கடைசியில் பள்ளிக்கூடத்தையே மூடிவிட்டார்கள். பகலெல்லாம் பஸ்ஸில் இருக்கிற மனுஷன் என்னை எங்கே வைப்பார்? வடக்கனந்தலில் இருக்கும் தன் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டார்.

"ரெண்டு நாள் இரு. மலையிலேர்ந்து எறங்குனதும் வந்து இட்டுக்கினு பூட்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். மலைக்குப் போன பஸ் மலையிலேயே மாட்டிக்கொள்ளும் என்று அவருக்கு மட்டும் எப்படித் தெரியும்?

அத்தை வீட்டில் மூன்றே பேர். அத்தை, அவள் புருஷனான மாமா, என்னைவிட இரண்டு வயசு பெரிய அத்தை மகன். வீடு ஊர்க் கோடியில் இருந்தது. பின்னால் தோட்டம், தோட்டத்தில் கிணறும் தண்ணீர்த் தொட்டியும், கிணற்றில் மோட்டார். அந்த மோட்டார்தான் எங்கள் துப்பாக்கி.

கரண்ட் வந்ததும் மாமா ஷெட்டுக்குப் போவார். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு, ஒரு மரப்பலகை மேல் ஏறி நின்று, கையை வேட்டியில் துடைத்துவிட்டு மோட்டார்ப் பெட்டியின் பச்சைப் பொத்தானை அமுக்குவார். எங்களுக்கு அந்தப் பக்கம் போக அனுமதி கிடையாது.

"தொட்டியாண்ட இன்னா ஆட்டம் வேணா ஆடுங்க. பொட்டியாண்ட எவன்னா வந்தீங்க, கால ஒடிச்சி அடுப்புல வச்சிடுவேன்."

பூச்சி மருந்து அடிக்கிற மெஷினையும் எங்கள் கைக்கு எட்டாதபடி மாட்டுக்கொட்டகை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அதன் மேல் கண் வைத்ததற்கே அத்தை மகன் ஒரு முறை முதுகில் வாங்கியிருக்கிறான். முரட்டு மனுஷன்தான், ஆனால் எங்கள் உயிர் மேல் அவருக்கு இருந்த அக்கறையை இப்போது நினைத்தாலும் கும்பிடத் தோன்றுகிறது.

தொட்டிப் பக்கம் மாடு கழுவுவதற்கு ஒரு நீளமான ரப்பர் ஓஸ் இருந்தது. மோட்டார் ஓடத் தொடங்கியதும் ஓஸ் முதலில் இருமும். வெறும் காற்று வரும். அப்புறம் வெயிலில் கிடந்த சூட்டுத் தண்ணீர், ரப்பர் வாசனையோடு. அதற்கு அப்புறம்தான் கிணற்றின் சில்லிப்பு வந்து நெஞ்சில் மோதும். ஓஸின் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்தினால் முருங்கை மரத்து உச்சி வரைக்கும் போகும்.

எங்கள் ஆட்டத்துக்கு விதி சுலபம். ஓஸ் ஒருவர் கையில். மற்றவர் அந்த அடியையெல்லாம் வாங்கிக்கொண்டே நெருங்கி வந்து, ஓஸைப் பிடித்திருக்கும் கையைத் தொட்டுவிட வேண்டும். தொட்டால் ஓஸ் கை மாறும். கண்ணுக்கும் காதுக்கும் அடிக்கக்கூடாது. மற்றபடி எல்லாம் நியாயம். அவன் குனிந்துகொண்டு ஒவ்வொரு வாழைமரமாகப் பதுங்கிப் பதுங்கி வருவான். நான் முதுகைக் காட்டிக்கொண்டு பின்புறமாகவே நடந்து போவேன்.

"வாடி வாடி, எருமைக் கன்னுக்குட்டி!" என்பான்.

"டேய், என்னைத் தொட்டுடுவியா நீ? தொட்றா பாக்கலாம்" என்பேன்.

சிரித்தால் அவனுக்கு விக்கல் வந்துவிடும். விக்கல் வந்தால் விரல் நழுவும். அவனைச் சிரிக்க வைத்தே நான் பாதி ஆட்டம் ஜெயித்தேன். அம்மா பக்கத்தில் இல்லை, அப்பா பஸ்ஸோடு மலைக்குப் போய்விட்டார், இருந்தும் அந்தத் தோட்டத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன்.

ரோடு நின்றுபோனது ஒரு விடியற்காலை. நின்றது சத்தத்தால்தான் தெரிந்தது. பஸ் இல்லை, கரும்பு டிராக்டர் இல்லை, ஜீப் இல்லை. அதற்குப் பதில் எங்கேயோ கோடாலி விழும் சத்தம். ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துக்கொண்டிருந்தார்கள். காற்று அடித்தபோது புளியின் பச்சை வாசனை தோட்டம் வரைக்கும் வந்தது. மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நம்ம புள்ளைங்க படிச்சி நாலு வேலைக்குப் போவணும்னா நாம ரோட்ல குந்தித்தான் ஆவணும்" என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். ஊர் ஆம்பளைகள் எல்லாரும் போனார்கள். போலீஸ் வண்டி தெருவில் போகும்போதெல்லாம் பொம்பளைகள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார்கள். தெருவில் தலை காட்டக்கூடாது என்று அத்தை சொல்லிவிட்டாள். எனக்கு உலகம் என்று மிச்சம் இருந்தது அந்தத் தோட்டமும் அத்தை மகனும்தான்.

அன்று மத்தியானமே கரண்ட்டும் போயிற்று. சாய்த்த மரம் ஒன்று கம்பி மேலேயே விழுந்துவிட்டதாம். மோட்டார் ஊமையாகிவிட்டது. நாங்கள் ஓஸை ஆட்டிப் பார்த்தோம். ஒரு தவளைதான் வந்தது.

அத்தை மகனுக்குத்தான் மூளை வேலை செய்தது. மாமாவின் சைக்கிள் பம்பை எடுத்து வந்தான். அதன் டியூபைக் கழற்றிவிட்டு, தண்ணீரில் முக்கிக் கைப்பிடியை இழுத்தால் வயிறு நிறைய உறிஞ்சிக்கொள்ளும். தள்ளினால் பீச்சும். ஒரே ஒரு பம்ப். ஒருவர் அடிக்க, ஒருவர் ஓட. அடித்து முடித்து மறுபடி நிரப்புவதற்குள் மற்றவர் ஓடிவந்து கையைத் தொட்டுவிடலாம். ஓஸைவிட இதில்தான் ஆட்டம் சூடு பிடித்தது.

அது ஒரு வெள்ளிக்கிழமை. வீட்டுக்கும் வாசலுக்கும் தெளிப்பதற்கு அத்தை ஒரு குண்டானில் மஞ்சள் கரைத்து, வேப்பிலை போட்டு, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போயிருந்தாள். நான் அவனைத் துரத்திக்கொண்டு போனேன். தொட்டிக்கு ஓட அவனுக்கு நேரமில்லை. பக்கத்தில் இருந்த குண்டானில் பம்பை முக்கி இழுத்தான், திரும்பி என் மேல் அடித்தான். மாற்றுத் துணி இல்லாமல் நான் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தேன். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் மஞ்சள்.

இது மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு கறை, அவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் அப்படி இல்லை. மாரியம்மன் திருவிழா முடிகிற நாளில் மாமன் மச்சான் முறை உள்ளவர்கள் ஒருவர் மேல் ஒருவர் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள். முறைப்பெண் மேல் ஒரு பையன் ஊற்றினால் அதற்கு ஒரு பேச்சு உண்டு. பெரியவர்கள் கண்ணைச் சிமிட்டிக்கொள்வார்கள். அந்த வருஷத் திருவிழா முடிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, எல்லார் மனசிலும் அது ஈரமாகவே இருந்தது.

அப்பா பஸ்ஸின் டிரைவர் வீடு அடுத்த வீடுதான். அவர் சம்சாரம் வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கையைத் தட்டினாள் பாருங்கள் அப்போது.

"யக்கா! ஓடியாங்க! ஒங்க மொவன் மொறப்பொண்ணு மேல மஞ்சத்தண்ணி ஊத்திட்டான்! இனிமே இன்னா, பத்திரிக அடிக்க வேண்டியதுதான்!"

அத்தை ஓடி வந்தாள். குண்டானைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள். திட்டுவாள் என்று நான் நினைத்தேன். அவள் கண் கலங்கிவிட்டது. "ஆத்தாளே கண்ணைத் தொறந்துட்டா" என்றாள். என் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். அத்தை மகன் பம்பைக் கீழே போட்டான். அவன் காது சிவந்திருந்தது.

நான் ஓடிப்போய்த் துணி சோப்பை எடுத்துச் சட்டையைத் தேய்த்தேன். மஞ்சள் ரத்தச் சிவப்பாக மாறிவிட்டது. சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. பயந்து அழுதேன். அத்தை வந்து சட்டையைப் பிடுங்கி, "வுடு, இருக்கட்டும். ஒன் அப்பன் வந்து பாக்கட்டும்" என்று மடித்து வைத்தாள்.

அன்றைக்கே வீட்டில் சட்டம் மாறிவிட்டது. அத்தை என்னை உட்கார வைத்துச் சொன்னாள்.

"இனிமே அவன டேய்னு கூப்டாத. மாமான்னு கூப்புடு."

வீட்டில் ஏற்கெனவே ஒரு மாமா இருந்தார். இன்னொரு மாமாவை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அவனிடமும் போய், வயசுக்கு வரப்போகிற பெண் மேல் இனி தண்ணீர் அடிக்கக்கூடாது, கை படக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, அத்தை என்னை ராணி மாதிரி வைத்துக்கொண்டாள். பால் ஏடு எனக்கு. கனகாம்பரம் எனக்கு. முன்னெல்லாம் நானும் அவனும் ஒரே தட்டுச் சோற்றுக்கு அடித்துக்கொள்வோம். இப்போது எனக்குத் தனி இலை போட்டு, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை விசிறினாள். வாரி வாரிப் போட்டாள். தம்பி மகள் வெளியில் போய்விடக்கூடாது, பிறந்த வீட்டு உறவு தன்னோடு அறுந்துவிடக்கூடாது என்று அவளுக்கு எத்தனை நாள் பயம் இருந்ததோ. அதை ஒரு குண்டான் மஞ்சள் தண்ணீர் தீர்த்து வைத்ததாக நம்பிவிட்டாள். இப்போது எனக்கு அது புரிகிறது. அப்போது விளையாட ஆள் இல்லை என்பது மட்டும்தான் புரிந்தது.

நான் தோட்டத்துக்குப் போனால் அவன் மாட்டுக்கொட்டகைக்குப் போனான். நான் கொட்டகைக்குப் போனால் அவன் கூரை மேல் ஏறினான். ஒரு நாள் வழி மறித்துக்கொண்டேன்.

"வாயேன், பம்பு நீயே வச்சிக்கோ. நான் ஓடறேன்."

"எங்கம்மா திட்டும்."

"ஒங்கம்மா தூங்குது."

"தள்ளிப் போ. யாருனா பாத்தா சிரிப்பாங்க" என்றான். தலையை எண்ணெய் போட்டு வகிடு எடுத்துச் சீவியிருந்தான். பதின்மூன்று வயசுக் கிழவனாகத் தெரிந்தான். எனக்கு அழுகை அழுகையாக வந்தது.

அப்புறம் நானே பம்பை நிரப்பி முருங்கை மரத்தை அடித்தேன். துவைக்கிற கல்லை அடித்தேன். கோழிகளை அடிக்கப் போனால் அவை ஓடிவிட்டன. மரம் திருப்பி அடிக்குமா? சாயங்காலங்களில் தூரத்தில் மலை நீலமாகத் தெரியும். அங்கே எந்த வளைவில் அப்பாவின் பஸ் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஆள் இருக்கிற வீட்டில், இவ்வளவு செல்லத்துக்கு நடுவில், ஒரு பிள்ளை இத்தனை தனியாக இருக்க முடியும் என்று யாரிடமாவது சொன்னால் நம்புவார்களா?

பஸ்ஸை விட்டுவிட்டு அப்பாவும் டிரைவரும் ஒன்றாக இறங்கிவர முடியாது. ஒருவர் காவல் இருக்க வேண்டும். டிரைவர்தான் முதலில் குறுக்குப் பாதையில் நடந்தே இறங்கி வந்தார். சம்சாரத்தைப் பார்த்துவிட்டு, மாற்றுத் துணியும் புளிச்சோறும் கட்டிக்கொண்டு மறுபடி ஏறினார். புளிச்சோற்றோடு அந்தம்மா மஞ்சள் தண்ணீர் சமாச்சாரத்தையும் கட்டிக் கொடுத்துவிட்டாள். மலை ஏறுவதற்குள் அது எவ்வளவு ஊறிப்போயிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

மரங்களை அறுத்து ரோட்டோரம் தள்ளிவிட்டார்கள் என்று சொன்ன அன்று காலையில் கரண்ட் வந்தது. மாமாவும் தாடியோடு வீடு வந்திருந்தார். நேராக ஷெட்டுக்குப் போய்ப் பலகை மேல் ஏறிப் பச்சைப் பொத்தானை அமுக்கினார். ஓஸ் இருமியது. நான் எங்கே இருந்தேனோ, ஓட்டமாக ஓடி அதைத் தூக்கிக்கொண்டேன்.

அத்தை மகன் தோட்டத்துப் பக்கத்து நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தான். சட்டை மாட்டி, பொத்தானெல்லாம் போட்டிருந்தான். ஓஸையே பார்த்தான். அவனுக்கும் ஆசைதான், எனக்குத் தெரியும். நான் கட்டைவிரலை வைத்து அவனுக்கு இரண்டு முழம் தள்ளித் தரையில் அடித்தேன். மண் தெறித்தது. அவன் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"டேய், வாடா" என்றேன். அப்புறம் அதையும் மாற்றி, "மாமா, வாங்க" என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வரவில்லை.

கையில் ஓஸ் இருந்தது. அதில் கிணற்றுத் தண்ணீர் அத்தனையும் இருந்தது. வந்து கையைத் தொடுவதற்கு ஆள் இல்லை. நான் ஓஸை நேராக மேலே தூக்கிப் பிடித்தேன். தண்ணீர் உயரப் போய் என் தலையிலேயே விழுந்தது. தலை, பாவாடை எல்லாம் தொப்பலாக நனைந்தது. அந்தத் தண்ணீரில் அழுதால் யாருக்கும் தெரியாது என்று நன்றாகவே அழுதேன்.

வீட்டுக்குள்ளிருந்து அப்பாவின் குரல் கேட்டது, நிலைப்படியைத் தாண்டி அவரே தோட்டத்துக்கு வந்தார். காக்கிச் சட்டை முழுக்கச் செம்மண், கண் உள்ளே போயிருந்தது, அறுந்த செருப்பைக் கையில் பிடித்திருந்தார். பின்னாலேயே அத்தையும் சிரித்த முகமாக வந்தாள். நான் ஓஸைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அப்பாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டேன். டிரைவர் சொன்ன கதையை மனசில் வைத்துக்கொண்டு, அவர் என்னைப் பிரித்து நிறுத்தி என் ஈரத்தைப் பார்த்தார்.

"யாரு ஊத்துனது?"

"யாரும் ஊத்தலப்பா. நானேதான் ஊத்திக்கினேன்."

சொல்லும்போதே எனக்கு விம்மல் பொங்கிக்கொண்டு வந்தது.

"பயப்படாத. அப்பா இருக்கேன். யாரு ஊத்துனது?"

"நானேதாம்ப்பா. யாரும் ஊத்தல."

அத்தை என் தலையைத் தடவினாள். "பாத்தியாடா தம்பி, இப்பவே வுட்டுக் குடுக்கறாளா பாரு. எம் மொவன்தான் ஊத்துனான். மொறை இருக்குது, ஊத்தறான். இதுல இன்னா வந்துடுச்சி?" என்று பெருமையாகச் சொன்னாள்.

"மொறையா? எம் பொண்ணு படிக்கணும்னுதான் ஊரே ரோட்ல குந்திக்கினு இருந்துச்சி. நானும் பட்டினியா மலையில கெடந்தேன். நீ இங்க அவளுக்கு மஞ்சத்தண்ணி ஊத்த வச்சிக்கினு இருக்க!"

அப்பா நாலே எட்டில் நிலைப்படிக்குப் போனார். கையை ஓங்கி அத்தை மகன் கன்னத்தில் விட்டார். அத்தை அலறினாள். மாமா ஷெட்டிலிருந்து ஓடி வந்து அப்பாவின் சட்டையைப் பிடித்தார். அதற்கு அப்புறம் பேசியதெல்லாம் பெரியவர்கள் பேச்சு. அன்று வெளியே வந்த அப்பா பிறகு அந்த வாசலை மிதிக்கவே இல்லை. அத்தையும் வரவில்லை. நான் படித்தேன், வேலைக்கும் போனேன், அப்பா நினைத்தது நடந்தது. அந்த வீட்டில் நடந்த நல்லது கெட்டது எதுவும் எங்களுக்கு நேராகச் சொல்லி வரவில்லை.

அன்று அங்கே மூன்று பெரியவர்கள் இருந்தார்கள். அத்தை மகன் சட்டையைப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. மொடமொடவென்று காய்ந்திருந்தது, ஒரு சொட்டு ஈரம் இல்லை. அவன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தான். நானும் பார்த்தேன். ஊற்றாத தண்ணீருக்கு அவன் அடி வாங்கினான். அவன் ஊற்றவில்லை என்றுதான் நான் அழுதுகொண்டிருந்தேன்.